புதுக் கட்டடம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? ஏ.சி. போட்டால் போதாதா?

10 பிப்ரவரி 2025, இரவு 9.40
வாரியச் செயலாளர்

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளி. மூன்று மாடி, மாடிக்கு நான்காக 12 வகுப்பறை. நிலம் வடக்கு தெற்காக நீண்டது. அதனால் வரைபடத்தில் கட்டடமும் அப்படியே நீண்டு நிற்கிறது. ஜன்னலெல்லாம் கிழக்கையும் மேற்கையும் பார்க்கிறது. வெயில் அடிக்குமே என்று ஒருவர் கேட்டார். "எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, எல்லா வகுப்புக்கும் ஏ.சி. போட்டுக் கண்ணாடியை மூடிவிடுவோம்" என்று மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. தப்பிருந்தால் சொல்லுங்கள்.

10 பிப்ரவரி, இரவு 10.55
கோடும் அளவும்

தப்பிருக்கிறது. வீட்டில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏ.சி. அறையில் இருக்கிற காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிராக்குகிறது. வெளிக்காற்றைக் கொண்டுவருவது அதன் வேலை அல்ல.

கணக்கு இது. அறை 9 மீ. × 7.5 மீ., உயரம் 3.2 மீ. என்று வையுங்கள். கொள்ளளவு 216 கன மீட்டர். உட்கார்ந்து எழுதுகிற பிள்ளை மணிக்குச் சுமார் 13 லிட்டர் கரியமில வாயு வெளியிடும். 35 பேருக்கு 455 லிட்டர். அறை முழுக்க மூடியிருந்தால் மணிக்கு ஏறக்குறைய 2,100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) ஏறும். வெளிக்காற்றின் 420இல் தொடங்கினால், கால் மணி நேரம் தாண்டியதும் 1,000ஐக் கடந்துவிடும். இந்நாட்டு உள்ளகக் காற்றுத் தர நடைமுறைக் குறிப்பு (2010) வைத்திருக்கும் வரம்பு அந்த 1,000தான். கதவிடுக்கில் கொஞ்சம் கசியும், இவ்வளவு வேகமாக ஏறாது. ஆனாலும் இரண்டாம் பாடவேளையில் பாதி வகுப்பு கொட்டாவி விடுவதற்குப் பாடத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

1,000க்குக் கீழே நிறுத்த மணிக்குச் சுமார் 780 கன மீட்டர் வெளிக்காற்று தள்ள வேண்டும். நம் ஊரின் ஈரக் காற்றை 25 டிகிரிக்குக் கொண்டுவர, அதற்கு மட்டும் 7 கிலோவாட்டுக்கு மேல் குளிர்ச்சி போகும். பிள்ளைகளின் உடல் சூடு 3.5 கிலோவாட் தனி. வெயில் தனி. இதைப் 12ஆல் பெருக்கிவிட்டு மின்சாரப் பலகையைப் பாருங்கள்.

திசை: மேற்கு வெயிலைத் தவிருங்கள். மேற்கு முனையில் படிக்கட்டு, பொருளறை, கழிவறையை வையுங்கள். மேற்கு வெயில் கழிவறைத் தரையைக் காயவைக்கும், அது ஒரு லாபம்.

11 பிப்ரவரி, பிற்பகல் 2.15
ஆண்டு 1 டீச்சர்

மேற்கு வெயில் யாருக்கு அடிக்கும் சார்? பள்ளி காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றேகாலுக்கு முடிகிறது. மேற்கு வெயில் வரும்போது வகுப்பில் நாற்காலிகள்தான் இருக்கும்.

11 பிப்ரவரி, இரவு 8.30
கோடும் அளவும்

டீச்சர் சொல்வது சரி. நேற்று எழுதிய கடைசிப் பத்தியை அடித்துவிடுங்கள். பாடப்புத்தகத்தில் இருக்கிற "மேற்கைத் தவிர்" என்பதை யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

நம் கடிகாரம் சூரியனோடு ஒத்துப்போகாது. 1982 ஜனவரி 1இல் மலேசியத் தீபகற்பம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிச் சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்தது. கோலாலம்பூர் இருக்கும் 101.7 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்குச் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்றேகாலை ஒட்டி. பினாங்கில் இன்னும் ஐந்தாறு நிமிடம் கழித்து. பிப்ரவரியில் கோலாலம்பூரில் சூரியன் எழுவதே 7.25ஐ ஒட்டித்தான், பள்ளி மணியும் சூரியனும் ஒன்றாக வருகின்றன.

அதாவது காலைப் பள்ளியின் முழு நாளும் சூரியனின் கிழக்குப் பாதியில் கழிகிறது. ஒரே வேளைப் பள்ளிக்குக் கெட்ட முகம் கிழக்கு. மேற்கு, மதியப் பள்ளி இருக்கிற இடைநிலைப் பள்ளிக்குக் கெட்டது: மாலை ஆறு மணிக்கு வெயில் 20 பாகைக்குக் கீழே, கிட்டத்தட்டப் படுக்கையாக உள்ளே வரும்.

கிழக்கு முகத்தில் 2.1 மீ. நடைகூடம் நிழல் தரும் என்று நம்ப வேண்டாம். மார்ச் மாதத்தில், கூரை விளிம்பிலிருந்து கீழே நிழல் விழும் அளவு: 9 மணிக்கு 1 மீ., 10 மணிக்கு 1.8 மீ., 11 மணிக்கு 3 மீ. ஜன்னல் 0.9 மீட்டரில் தொடங்கி 2.7 வரை போகிறது என்றால், 9 மணிக்கு 2.2 மீட்டருக்குக் கீழே உள்ள ஜன்னல் முழுக்க வெயில். 10 மணிக்கு அடியில் அரை மீட்டர். மேசை இருப்பது அந்த உயரத்தில்தான். ஓய்வு மணிக்கு முன் உள்ள பாடமெல்லாம் திரைச்சீலைக்குப் பின்னால் நடக்கும், திரையை இழுத்தால் விளக்கு, காற்றும் நிற்கும், பிறகு "ஏ.சி. வேண்டும்" என்று கூட்டம் போடுவோம்.

கட்டடத்தைத் திருப்பி நீள முகம் வடக்கும் தெற்கும் பார்க்க வைத்தால்? டிசம்பர் 21, தெற்கு முகத்துக்கு ஆகக் கெட்ட நாள். உச்சி வேளையில் சூரியன் 63 பாகை உயரம், அதே 2.1 மீ. நடைகூடம் 4 மீட்டருக்கு மேல் நிழல் தரும், அதாவது சுவர் முழுக்க. காலை 10 மணிக்கும் ஏறக்குறைய 3 மீ. வடக்கு முகத்துக்கு ஜூனில் இதைவிடக் குறைவான தொல்லை; நடைகூடம் இல்லாத பக்கத்துக்கு 1.2 மீ. நீட்டமே பெரும்பாலான நேரம் போதும்.

11 பிப்ரவரி, இரவு 9.05
வாரியச் செயலாளர்

நிலம் திரும்பாதே.

11 பிப்ரவரி, இரவு 9.20
கோடும் அளவும்

கட்டடத்தை இரண்டாக வெட்டுங்கள். மாடிக்கு இரண்டு அறை: 18 மீ. படிக்கட்டும் கழிவறையும் சேர்த்து 25, 26 மீட்டர். நிலத்தின் அகலத்துக்குள் அடங்கும் என்று நினைக்கிறேன். இரண்டும் ஒன்றின் பின் ஒன்றாக, கிழக்கு மேற்காகப் படுக்கட்டும். இடைவெளி கட்டடத்தின் உயரத்துக்குக் குறையாமல், மூன்று மாடிக்கு 11, 12 மீ. இல்லாவிட்டால் தரைத்தள அறைக்கு வானம் தெரியாது. படிக்கட்டு அதிகமாகும், செலவு ஏறும், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் காசு ஒருமுறை போவது, ஏ.சி. மாதாமாதம் கேட்கும்.

13 பிப்ரவரி, இரவு 10.10
கோடும் அளவும்

ஜன்னல் அளவு கேட்டுத் தனியாக ஒருவர் எழுதியிருந்தார், எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கே.

சீரான கட்டடத் துணைச்சட்டம் 1984, 39ஆம் விதி: பள்ளி வகுப்பறைக்குத் தரைப்பரப்பில் 20 விழுக்காடு ஜன்னல், 10 விழுக்காடு தடையில்லாமல் காற்று போகும் திறப்பு. வீட்டு அறைக்கு இதில் பாதி போதும். 9 × 7.5 அறைக்கு 13.5 ச.மீ. ஜன்னல், 6.75 ச.மீ. திறப்பு.

இங்கேதான் தவறு நடக்கும். இழுத்துத் தள்ளுகிற ஜன்னல் போட்டால் 13.5இல் பாதிதான் திறக்கும்: 6.75. தாளில் சரியாக வரும். ஜன்னல் சட்டத்தின் கனத்தைக் கழித்தால் குறையும், பூட்டு கெட்டுவிட்டால் இன்னும் குறையும். மேலே கீல் வைத்து வெளியே தள்ளுகிற ஜன்னல் ஒரு சாண்தான் திறக்கும். அதை முழுப்பரப்பாக எழுதி வைத்த வரைபடங்கள் உண்டு. கண்ணாடித் தகடுகளை வரிசையாக அடுக்கிய பழைய நாக்கோ ஜன்னல் அசிங்கம் என்கிறோம், ஆனால் கண்ணாடித் தகடு படுக்கையாக நின்றால் பரப்பில் பெரும்பகுதி காற்றுக்குத்தான். மழைச் சாரலில் பாதி மூடலாம், காற்று நிற்காது. கெட்டுப்போவது கைப்பிடி, தகட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் பல். அலுமினியப் பிடி கேட்டு வாங்குங்கள்.

ஜன்னல் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், ஒரே பக்கத்தில் 20 விழுக்காட்டையும் திணிக்கக் கூடாது. காற்று நுழைய ஒரு வழி, போக ஒரு வழி. நடைகூடப் பக்கம் தலைக்கு மேலே நிரந்தரமாகத் திறந்த காற்றுக்கல் வரிசை ஒன்று, 400 மி.மீ. உயரம். பள்ளி விட்ட பிறகும் அறை வெப்பத்தை விடட்டும்.

வெளிச்சம் உள்ளே போகும் தூரம், ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தின் இரண்டு முதல் இரண்டரை மடங்கு. மேல்விளிம்பு 2.1 என்றால் 5 மீட்டரோடு நின்றுவிடும். 2.7க்கு ஏற்றினால் ஆறரை மீட்டரைத் தாண்டும். இடைஞ்சல் விளிம்பு உத்தரம். பொறியாளர் 600 மி.மீ. ஆழத்தில் போட்டுவிட்டால் ஜன்னலைத் தூக்க இடமில்லை. கட்டட வரைபடமும் உத்தர வரைபடமும் ஒரே மேசையில் இருக்கும்போதே இதைக் கேளுங்கள், பிறகு கேட்டால் சிரிப்பார்கள்.

14 பிப்ரவரி, காலை 6.50
பினாங்கு வயர்மேன்

அண்ணே, காத்தாடியும் விளக்கும் எங்கே போகுதுன்னு யாருமே சொல்லல. வழக்கமா என்ன நடக்கும்: விளக்கை சிலாப்போட ஒட்டி அடிச்சிடுவாங்க, காத்தாடி அதுக்குக் கீழே சுத்தும். எழுதுற நோட்டுல நிழல் வெட்டி வெட்டி ஓடும். பிள்ளைக்குத் தலைவலி, டாக்டர் கண்ணாடி போடச் சொல்வாரு.

60 இன்ச் காத்தாடி நாலு. நீளத்துல 2.25லயும் 6.75லயும், அகலத்துல 1.9லயும் 5.6லயும். இறக்கை தரையிலிருந்து 2.4 மீட்டருக்குக் கீழே வரவே கூடாது. விளக்கு மூணு வரிசை, ஜன்னலுக்கு இணையா: சுவத்துலேருந்து 0.6, நடு 3.75, அந்தப் பக்கம் 6.9. இறக்கை சுத்துற வட்டத்துக்கு வெளியே, இறக்கை உயரத்துக்கே தொங்கவிடணும். ஒவ்வொரு வரிசைக்கும் தனி சுவிட்ச். கதவுகிட்ட ஒரே சுவிட்ச் வச்சா நாள் முழுக்க எல்லாமே எரியும், பகல் பன்னிரண்டுக்கும். மலேசியத் தரம் எம்.எஸ். 1525ல வகுப்பறைக்கு 300லேருந்து 500 லக்ஸ் வெளிச்சம், மேசை மேல அளந்து பாருங்க. பலகைக்கு நாலாவதா ஒரு விளக்கு.

காத்தாடிக் கொக்கிய கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடியே கம்பியில கட்டணும். மறந்துட்டா துளை போட்டு ரவல் போல்ட் அடிப்பாங்க, ஆட ஆட அது லூசாகும். அது மேல என்னால நம்பிக்கை வைக்க முடியாது லா.

14 பிப்ரவரி, காலை 7.20
ஆண்டு 1 டீச்சர்

சூரியன் எழுவதே 7.25ஐ ஒட்டித்தான் என்று மேலே எழுதியிருக்கிறது. அப்படியானால் முதல் பாடத்துக்கு மூன்று வரிசையும் எரிந்துதான் தீர வேண்டும்?

14 பிப்ரவரி, மதியம் 12.40
பினாங்கு வயர்மேன்

எட்டேகால் வரைக்கும் எரியட்டும் டீச்சர். அப்புறம் ஜன்னல் வரிசைய அணைக்க ஒரு பிள்ளைய வகுப்புத் தலைவனாக்குங்க.

18 பிப்ரவரி, இரவு 11.15
கோடும் அளவும்

இவ்வளவு பேசியும் முக்கியமானதற்கு வரவில்லை. கண்ணுக்கும் தோலுக்கும் கணக்குப் போட்டோம். பள்ளியில் ஆறு மணி நேரம் நடக்கிற வேலை கேட்பது. ஆண்டு 1 பிள்ளைக்கு மலாய் புதுசு, ஆங்கிலம் புதுசு, எழுத்துத் தமிழும் பாதி புதுசு. பெரியவர்கள் விட்டுப்போன ஓசையை ஊகித்து நிரப்பிக்கொள்வார்கள். தெரியாத சொல்லை ஊகிக்க முடியாது. ல, ள, ழ மூன்றும் எதிரொலியில் ஒன்றாகிவிடும். பிறகு சொல்வதெழுதலில் சிவப்புக் கோடு.

எதிரொலி நிற்கும் நேரத்துக்குச் சேபைன் சூத்திரம்: 0.16 × கொள்ளளவு ÷ உறிஞ்சும் பரப்பு. நம் அறையில் பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை, சிமெண்டுத் தரை, கண்ணாடி எல்லாம் சேர்ந்து 6 ச.மீ. அளவுக்குத்தான் உறிஞ்சும். 35 பிள்ளைகள், தலைக்கு 0.3 என்று 10.5. திறந்த ஜன்னல் 6.75. மொத்தம் 23. 0.16 × 216 ÷ 23 = 1.5 வினாடி. அமெரிக்கத் தரம் ஏ.என்.எஸ்.ஐ. எஸ்12.60 இந்த அளவு அறைக்குச் சொல்வது 0.6. காலியான அறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபெல். 35ஐ நம் ஊர்ச் சாலையோரம் மறந்துவிடலாம். 0.6ஐ மறக்க வேண்டியதில்லை, அது நம் கையில் இருக்கிறது.

19 பிப்ரவரி, காலை 8.05
கோடும் அளவும்

இரவு எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. செயலாளர் சொன்னபடி ஜன்னலை மூடி ஏ.சி. போட்டால் அந்த 6.75 கணக்கிலிருந்து போய்விடும். மிச்சம் 16.5. எதிரொலி 2.1 வினாடி. மூடிய அறை அமைதியாக இருக்கும் என்று நினைப்போம். வெளிச்சத்தம் குறையும், உள்ளே பேச்சு குழம்பும்.

19 பிப்ரவரி, காலை 8.40
வாரியச் செயலாளர்

முட்டை அட்டை ஒட்டினால்? யூடியூபில் பார்த்தேன்.

19 பிப்ரவரி, காலை 8.52
கோடும் அளவும்

முட்டை வைக்கலாம். அட்டை மெல்லியது, பேச்சின் கீழ்ச்சுரத்தைத் தொடவே தொடாது. பல்லி குடிவரும். தீப்பிடித்தால் பொம்பா (தீயணைப்புப் படை) வருவதற்குள் முடிந்துவிடும். 12 வகுப்புக்கு எத்தனை ஆயிரம் முட்டை என்று சிற்றுண்டிச் சாலைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

19 பிப்ரவரி, இரவு 10.30
கோடும் அளவும்

விளையாட்டு போதும். உறிஞ்சும் பொருள்:

வழக்கமான தாதுநார்க் கூரைப்பலகை நம் ஈரத்தில், ஜன்னல் திறந்த அறையில், நாளடைவில் தொய்ந்து வயிறு விழும். கம்பளம் பூஞ்சை பிடிக்கும், பேசவே வேண்டாம். திறந்த அறைக்கு ஏற்றது மரநார் சிமெண்டுப் பலகை, 25 மி.மீ. ஈரத்துக்கு அசையாது, பந்து பட்டாலும் உடையாது. நேரே கான்கிரீட்டில் ஒட்டினால் பாதி வேலைதான் செய்யும். 50 மி.மீ. சட்டம் அடித்து, இடையில் ராக்வூல் (பாறைநார்ப் பஞ்சு) வைத்து, அதன்மேல் பலகை. அப்போது ஒரு ச.மீ. பலகை 0.7 ச.மீ. அளவுக்கு உறிஞ்சும் என்று கணக்கிடலாம். வாங்கும் பலகையின் சோதனைத் தாளைக் கேட்டு அந்த எண்ணைப் போடுங்கள், என் எண்ணை அல்ல.

கூரை முழுக்க: 16.5உடன் 46 கூடும், 0.55 வினாடி. பாதிக் கூரை: 0.87. பாதிக் கூரையோடு பின்சுவரில் 15 ச.மீ.: 0.7. மூன்றும் ஜன்னல் மூடிய கணக்கு. காசு குறைவென்றால் மூன்றாவதைச் செய்யுங்கள். பின்சுவர் ஏனென்றால் ஆசிரியர் குரல் நேரே போய் மோதித் திரும்புவது அங்கேதான். பலகையை அடித்த பிறகு எமல்ஷன் பூசக் கூடாது, துளை அடைபட்டால் வெறும் சுவர். கட்டி முடித்த மறு ஆண்டு யாராவது நல்லெண்ணத்தோடு பூசுவார்கள். இப்போதே எழுதி ஒட்டிவையுங்கள்.

இரண்டு வகுப்புக்கும் நடுவே உள்ள செங்கல் சுவர் கூரைக் கான்கிரீட்டைத் தொட வேண்டும். பொய்க்கூரை மட்டத்தோடு நிறுத்தி மேலே வெற்றாக விட்டால், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு இங்கே கேட்கும். மடக்குக் கதவும் அப்படியே. விழாவுக்கு ஆண்டில் நான்கு நாள் திறப்பதற்காக மிச்ச நாளெல்லாம் இரண்டு பாடம் ஒரே அறையில் நடக்கும்.

20 பிப்ரவரி, பிற்பகல் 3.30
ஆண்டு 1 டீச்சர்

மேல்மாடியில் நாற்காலி இழுக்கிற சத்தத்துக்கு மருந்து?

20 பிப்ரவரி, இரவு 7.45
கோடும் அளவும்

நாற்காலிக் காலுக்கு ரப்பர்த் தொப்பி. அதைவிட மலிவான மருந்து இந்த இழையில் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தேய்ந்து ஆணி தலை காட்டும்.

23 பிப்ரவரி, மாலை 5.10
கோடும் அளவும்

எனக்கு நானே மறுப்பு. 13ஆம் தேதி ஜன்னலை அகலத் திற என்றேன், 18ஆம் தேதி காதே முக்கியம் என்றேன். இரண்டும் சண்டை போடுகின்றன. காற்று வரும் வழியில்தான் மோட்டார் சைக்கிளும் வரும். குழந்தைக்குப் புரிய ஆசிரியர் குரல் பின்னணிச் சத்தத்தைவிட 15 டெசிபெல் மேலே இருக்க வேண்டும். குரல் ஒரு மீட்டரில் 65 என்றால் கடைசி வரிசையில் 50, 55தான் சேரும். அப்படியானால் பின்னணி 40க்குள் இருக்க வேண்டும். சாலையைப் பார்த்த திறந்த ஜன்னலில் அது கிடைக்காது.

ஜன்னலால் தீர்க்க முடியாததை இடத்தால்தான் தீர்க்க வேண்டும். சாலை ஓரம் மண்டபம், நூலகம், ஆசிரியர் அறை, வண்டி நிறுத்தம்; ஏ.சி. போட்டு மூட வேண்டிய அறைகள் அவைதான். வகுப்பறை பின்னால். இரண்டு கட்டடமும் நிலத்தின் குறுக்கே படுப்பதால் முன்கட்டடம் பின்கட்டடத்துக்குச் சத்தத் தடுப்பாகும். ஆண்டு 1, 2 பின்கட்டடத் தரைத்தளம்.

11ஆம் தேதி நான் சொன்ன நடு முற்றத்தில் ஓர் ஆபத்து உண்டு. இரண்டு கான்கிரீட் முகங்கள் எதிரெதிரே நின்று, நடுவே தார்த்தரையும் போட்டு, அதில் உடற்கல்வியும் வைத்தால், ஒரு விசில் 12 வகுப்பிலும் பாடத்தை நிறுத்தும். அங்கே புல், செடி, காலைச் சபை. பந்து விளையாட்டு நிலத்தின் கடைசியில். மரம் நடும்போது அங்சானா வேண்டாம், புயல் மழையில் கிளை முறியும். எந்த மரமானாலும் சுவரிலிருந்தும் கால்வாயிலிருந்தும் 6 மீட்டராவது தள்ளி.

2 மார்ச், இரவு 9.00
வாரியச் செயலாளர்

ஒரு நன்கொடையாளர் வகுப்புக்கு ஒரு 75 அங்குலத் திரை தருகிறார். எங்கே மாட்டுவது?

2 மார்ச், இரவு 10.20
கோடும் அளவும்

மாட்டும் முன் திரையின் உயரத்தை அளந்து பாருங்கள். 75 அங்குலத் திரையின் உயரம் 0.93 மீ. எழுத்துப் படிக்க, கடைசிப் பிள்ளை திரை உயரத்தின் ஆறு மடங்குக்குள் இருக்க வேண்டும்: 5.6 மீ. ஐந்து வரிசை போட்டால் முதல் வரிசை 2 மீட்டரில், கடைசி வரிசை 7 மீட்டரை ஒட்டி. 86 அங்குலமும் 6.4 மீட்டரோடு நிற்கும். கடைசி இரண்டு வரிசைக்கு எழுத்தைப் பெரிதாக்கித்தான் காட்ட வேண்டும், இல்லையென்றால் படம் மட்டும்.

நீளச் சுவரில் மாட்டினால் தூரம் குறையும், உண்மை. ஆனால் நீளச் சுவர்கள் இரண்டும் ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே திரையை வைத்தால் அதில் வானம் தெரியும், பாடம் தெரியாது. குறுகிய சுவரிலேயே இருக்கட்டும், வெளி ஜன்னல் பிள்ளைகளின் இடக்கைப் பக்கம் வரும்படி. பலகையை ஒட்டிய முதல் ஒரு மீட்டருக்கு ஜன்னல் வைக்காதீர்கள், அந்த வெளிச்சம் பலகையில் சறுக்கிக் கண்ணைக் கூசும். வெள்ளைப் பலகையையும் விட்டுவிடாதீர்கள். ஆண்டு 1க்கு அதன் அடிவிளிம்பு 750 மி.மீ., மேல் ஆண்டுக்கு 900. பிள்ளை எழுந்து வந்து எழுதப்போவது பலகையில்தான்.

3 மார்ச், பிற்பகல் 2.40
ஆண்டு 1 டீச்சர்

21ஆம் நூற்றாண்டுக் கற்றல் என்று குழு மேசை போடச் சொல்கிறார்கள். குழுவாகப் போட்டால் பாதிப் பிள்ளைகளுக்குப் பலகை முதுகுப் பக்கம்.

3 மார்ச், இரவு 9.35
கோடும் அளவும்

67.5 ச.மீட்டரை 35ஆல் வகுத்தால் தலைக்கு 1.9. அதில் வரிசையும் வேண்டும், குழுவும் வேண்டும், நடக்க வழியும் வேண்டும் என்றால் அறை கேட்காது. 600 × 450 ஒற்றை மேசை வாங்குங்கள், இரட்டை மேசை வேண்டாம். ஒற்றையை இரண்டு நிமிடத்தில் நான்காகச் சேர்க்கலாம், பிரிக்கலாம். ஆறுபேர் வட்ட மேசை வாங்கினால் அது குழுவாகவே பிறந்தது. நகர்த்துவது யார்?

சுவரே இல்லாத திறந்த வகுப்பறையை வெளிநாட்டில் 1970களில் ஆசையாகக் கட்டினார்கள். சத்தம் தாங்காமல் பல இடங்களில் சுவரைத் திரும்ப எழுப்பினார்கள்.

9 மார்ச், மாலை 4.50
பினாங்கு வயர்மேன்

இங்க இப்ப மழை கொட்டுது, அதான் ஞாபகம் வந்துச்சு. மேல்மாடிக்கு மெட்டல் டெக் கூரை போட்டு அடியில வெள்ளித்தாள் மட்டும் விரிச்சா சூடு குறையும், சத்தம் குறையாது. மழை வந்தா டீச்சர் சைகையில பாடம் நடத்தணும்.

9 மார்ச், இரவு 8.15
கோடும் அளவும்

கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மி.மீட்டருக்கு மேல் பெய்கிறது. காலைப் பள்ளி பெரும்பாலும் தப்பிக்கும், துணைப்பாடம் தப்பிக்காது. மேல்மாடிக்கும் கான்கிரீட் தளம் போட்டு அதன்மேல் கூரை என்பதே நல்ல வழி. காசில்லையென்றால் தகட்டின் அடியை ஒட்டி 75 மி.மீ. ராக்வூல், கீழே 12 மி.மீ. ஜிப்சம் இரண்டு அடுக்கு. எடை வேண்டும், அதுதான் சத்தத்தை நிறுத்துகிறது.

கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைத்த கான்கிரீட் கால்வாய் வேண்டவே வேண்டாம். இலை அடைக்கும், தண்ணீர் நிற்கும், ஏடிஸ் கொசு முட்டையிடும், மேலே ஏறிப் பார்க்க யாரும் இல்லை. கூரையை 900 மி.மீ. நீட்டி, தண்ணீரை நேரே தரைக் கால்வாயில் விழ விடுங்கள். எட்டிப் பார்க்க முடிகிற கால்வாயைத்தான் கூட்டுவார்கள்.

15 மார்ச், காலை 9.25
வாரியச் செயலாளர்

கூட்டத்தில் ஒருவர் கேட்டது: 2015, 2019 போலப் புகைமூட்டம் வந்தால் நாக்கோ ஜன்னலை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

15 மார்ச், இரவு 10.05
கோடும் அளவும்

நல்ல கேள்வி. நாக்கோ முழுக்க மூடினாலும் இடுக்கு இருக்கும், புகை வரும். 2019இல் காற்று மாசுக் குறியீடு 200ஐத் தாண்டியபோது பள்ளிகளை மூடினார்கள். அதற்கும் கீழே உள்ள நாட்களில் பிள்ளைகள் வகுப்பில்தான் இருந்தார்கள். 12 அறையையும் அதற்காக அடைப்பதைவிட நூலகமும் மண்டபமும் காற்றுப்புகாமல் அடைபடட்டும், வடிகட்டி வைத்த வெளிக்காற்று விசிறியோடு. சின்ன ஆண்டுகளை அங்கே மாற்றலாம். ஏ.சி.யே வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போடும் அறையை ஏ.சி.க்காகவே கட்டுங்கள்: இடுக்கில்லாத ஜன்னல், வெளிக்காற்று, உறிஞ்சும் கூரை. நாக்கோ அறையில் ஏ.சி. மாட்டினால் காசும் வெளியே போகும், காற்றும் சரியாக வராது.

1929இல் கட்டிய, கோலாலம்பூரின் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியைப் போய்ப் பாருங்கள் என்று ஒருவர் தனியாக எழுதினார். பாருங்கள். ஆனால் அந்த உயரக் கூரையை நகல் எடுக்காதீர்கள். 4 மீட்டருக்கு மேல் போனால் சூடு குறையும், கொள்ளளவு ஏறும், எதிரொலியும் ஏறும். பலகைச் செலவையும் சேர்த்துத்தான் உயர்த்த வேண்டும்.

16 மார்ச், காலை 7.10
பினாங்கு வயர்மேன்

இந்த நாட்டுல முதல் தமிழ் வகுப்பு 1816ல எங்க பினாங்கு ஃபிரீ ஸ்கூல்லதான். அப்ப காத்தாடியும் இல்ல, நானும் இல்ல.

22 மார்ச், இரவு 8.50
கோடும் அளவும்

சின்னச் சின்னதாக, மறக்கும் முன்.

படி: சட்டம் 180 மி.மீ. உயரம் வரை விடும், மிதி 255க்குக் குறையக் கூடாது என்கிறது. ஏழு வயதுக் காலுக்கு 150, 300 வையுங்கள். கைப்பிடி இரண்டு உயரத்தில். மாடி நடைகூடத்தில் படுக்கைக் கம்பி போட்டால் அது ஏணி. நிற்கும் கம்பி, இடைவெளி 100 மி.மீட்டருக்குள்.

சாய்தளம் 12க்கு 1. தரை 450 மி.மீ. உயர்ந்தால் 5.4 மீ. நீளம், மேலும் கீழும் சமதளம் தனி. கடைசியில் இடமில்லை என்று செங்குத்தாகப் போட்ட சாய்தளத்தில் சக்கர நாற்காலி ஏறாது, குப்பைத் தொட்டிதான் இறங்கும்.

நடைகூட முனையில் இரும்புக் கிரில், அதற்கு ஒரு பூட்டு, சாவி அலுவலகத்தில்: இதைச் செய்யாதீர்கள். இரண்டாவது படிக்கட்டு இருப்பது ஓடுவதற்கு.

கழிவறையை முனையில் வைக்கச் சொன்னேன், அது நிற்கட்டும். ஆனால் காற்று அங்கிருந்து வகுப்புக்கு வராமல் நடுவே படிக்கட்டு இருக்க வேண்டும். ஆண்டு 1 கைகழுவும் தொட்டி 600 மி.மீ. உயரம்.

28 மார்ச், பிற்பகல் 1.25
கோடும் அளவும்

இன்று ஒன்று இருபதை ஒட்டிக் கோலாலம்பூரில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. கொடிக்கம்பத்துக்கு நிழல் இல்லை. பினாங்குக்காரர்கள் ஏப்ரல் 3ஆம் தேதி வாக்கில் பாருங்கள். செயலாளர், வரைபடத்தில் வடக்கு அம்பு சரியா என்று சரிபார்க்க இன்று காலை 9 மணி நிழல் உதவியிருக்கும்: சூரியன் நேர் கிழக்கை ஒட்டி இருந்தது, நிழல் மேற்கே போனது. அம்பை அலங்காரமாகத் திருப்பிப் போட்ட வரைபடங்கள் உண்டு.

28 மார்ச், இரவு 9.15
வாரியச் செயலாளர்

நாளைக் காலை பார்க்கிறேன். வரைபடம் திரும்ப வந்துவிட்டது: இரண்டு கட்டடம், குறுக்கே. ஒவ்வொன்றும் 26.4 மீ. ஏ.சி. நூலகத்துக்கும் மண்டபத்துக்கும் கணினி அறைக்கும் மட்டும். பின்சுவர்ப் பலகைக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒத்துக்கொண்டது. பாதிக் கூரையை இன்னும் பேசுகிறோம். ஒரு சின்னச் சந்தேகம். காலணி அடுக்கை நடைகூடத்தில் வைத்தால் 2.1 மீட்டரில் வழி போதுமா?

28 மார்ச், இரவு 9.40
கோடும் அளவும்

ஒரு ஜோடிக்கு 200 மி.மீ. என்றால் 35 ஜோடிக்கு 7 மீ. நான்கு தட்டில் அடுக்கினால் 1.75 மீ. நீளம், 300 ஆழம். நடைகூடம் 1.8ஆகச் சுருங்கும்; மணி அடித்ததும் இரண்டு வகுப்பு எதிரெதிரே வந்தால் முட்டும். நடைகூட ஜன்னலுக்குக் கீழே சுவரை 300 மி.மீ. உள்ளே தள்ளிக் குழி விடச் சொல்லுங்கள். இப்போது சொன்னால் கோடு, பிறகு சொன்னால் உடைப்பு.

29 மார்ச், காலை 9.10
வாரியச் செயலாளர்

அம்பு தப்பு. 15 பாகை.